உப்புப் போட்ட ஆரஞ்சு

நவம்பர் 2

இது என் நோட்டு இல்லை. என் வீட்டுக்காரர் தொம்மையின் நோட்டு. கடலுக்குப் போய் வந்த நாளெல்லாம் இதில் மூன்றே விஷயம் எழுதுவார். தேதி, காற்று, மீன்பாடு. பத்து வருடத்தில் ஒரு வார்த்தை கூடுதலாக எழுதியதில்லை. நான் காய்ச்சலில் சாகக் கிடந்த வாரத்தில்கூட ‘கச்சான். சாளை நாலு கூடை’ என்றுதான் இருக்கிறது. கடைசியாக எழுதியது அக்டோபர் 12. மறுநாள் சாயங்காலம் அவரும் அவர் தம்பி சூசையும் படகை இறக்கினார்கள். அதற்கு மறுநாள் மத்தியானம் சூசை மட்டும் வேறொரு படகில் வந்து இறங்கினான்.

அவர் வந்ததும் இடையில் ஊரில் என்ன நடந்தது என்று கேட்பார். வாயால் சொன்னால் பாதி மறந்துவிடும். அதனால் அவர் விட்ட பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். மூன்று வார்த்தையோடு நிறுத்த என்னால் ஆகாது. ஏசினால் ஏசட்டும்.

இன்று கல்லறைத் திருநாள். அம்மா அப்பா கல்லறைக்கு ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். திரும்பும்போது கோயில் வாசலில் உபதேசியார் அருளப்பன் பெட்டியோடு நின்றார். செத்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதி அதில் போட்டால், நவம்பர் முழுவதும் அது பீடத்தின் அடியில் இருக்கும், தினப்பூசையில் அவர்களுக்காக வேண்டுவார்கள். என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார்.

“செசிலி, தொம்மை பேர எழுதிப் போடு மக்கா.”

“அது செத்தவங்க பெட்டி, உபதேசியாரே.”

“இருவது நாளாச்சு.”

“காணாமப் போனவங்களுக்குன்னு ஒரு பெட்டி வச்சா கொண்டாங்க. மொத ஆளா எழுதுதேன்.”

வெடுக்கென்று பேசிவிட்டேன். வயதானவர், பாவம். ஆனால் நான் என் கையால் அந்தப் பெயரை எழுதினால் நானே அவரைக் கொன்றதாகிவிடும். உடம்பு கிடைக்கவில்லை, யாரும் பார்க்கவில்லை. என் மகள் டெல்சியிடமும் இதையேதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 4

கொண்டல் காற்று. மழை. அவர் இடுப்பில் கட்டுகிற சாரம் இரண்டையும் துவைத்துப் போட்டேன், காயவில்லை.

நவம்பர் 9

அன்பியக் கூட்டம் எங்கள் தெருவில் நடந்தது. பக்கத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்வது. ஜெபம் முடிந்ததும், கூட்டத்தை நடத்துகிற ரெக்சி கிறிஸ்துமஸ் பேச்சை எடுத்தாள். இந்த வருடம் கோயில் குடிலில் தெர்மாகோல் கூடாதாம், ஜிகினாத்தாள் கூடாதாம், எல்லாம் மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டுமாம். புதுச் சாமியாரின் ஆசை. ஒரு தெருவுக்கு வைக்கோல், ஒரு தெருவுக்கு ஓலை நட்சத்திரம். எங்களுக்கு ஆரஞ்சு, சாத்துக்குடியை வட்டமாக நறுக்கிக் காயவைத்துத் தோரணம் கட்டும் வேலை.

“காயப்போடுத வேலைன்னா செசிலியக்காவ விட்டா ஊர்ல ஆரு இருக்கா?” என்றாள் ரெக்சி. எல்லாரும் சட்டென்று தலையாட்டினார்கள். இவ்வளவு ஒற்றுமையாக இந்தப் பெண்கள் தலையாட்டி நான் பார்த்ததே இல்லை. முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள். கை சும்மா இருந்தால் நான் கரையில் போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

தெரிந்தேதான் சரி என்றேன். இருபத்திரண்டு வருடமாகக் கருவாடு போடுகிறேன். பழம் என்ன பெரிய பழம்.

நவம்பர் 11

ஆரஞ்சும் சாத்துக்குடியும் இரண்டு கூடை வந்தது. தோல் கழன்று நிற்கும் கமலா ஆரஞ்சை ஒதுக்கிவிட்டேன், அது நறுக்கும்போது பிய்ந்துபோகும். மீன் வெட்டுகிற அரிவாள்மனையைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தேன். அப்படியும் டெல்சி மோந்து பார்த்தாள்.

“பாலன் இயேசு கருவாட்டு வாசத்துலதான் பொறக்கப் போறாரு.”

“மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்கு இதெல்லாம் ஒரு வாசமா? போ ஏட்டி.”

அவர் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தது இன்றுதான். சிரித்ததும் இருவருமே நிறுத்திக்கொண்டோம்.

டெல்சி போனில் பார்த்து வைத்திருக்கிறாள். கால் விரல் நகம் கனத்துக்கு நறுக்க வேண்டும். துணியால் ஒற்றிச் சாறு எடுக்க வேண்டும். வலை மேல் ஒன்றை ஒன்று தொடாமல் பரப்ப வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை திருப்பிப் போட வேண்டும். உப்பு எவ்வளவு என்று கேட்டேன்.

“உப்பே கெடையாதும்மா. திங்கவா போறோம்?”

“உப்பில்லாமக் காயவச்சா அழுவிரும்.”

“அழுவாது. வெயில் போதும்.”

“நீ பொறக்குறதுக்கு முன்னால இருந்து காயப்போடுதேன்.”

“மீனு வேற, இது வேறம்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், பேச்சும் அதற்குத் தக்கபடி.

நவம்பர் 12

டெல்சி பஸ் ஏறியதும் எல்லா வில்லைக்கும் கல்லுப்பை நுணுக்கி இரண்டு பக்கமும் தடவினேன். அவளிடம் சொல்லவில்லை.

நவம்பர் 15

சூசை வந்தான். கல்யாணம் ஆகாத பையனாக இருந்தபோது ஒரு நாளைக்கு மூன்று தடவை இந்த வீட்டில் சாப்பிட்டவன், இப்போது கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். அந்த நாளுக்குப் பிறகு அவன் கடலுக்கும் போகவில்லை.

“மயினி, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு...”

“நல்ல வேள வந்த. அந்தப் பழைய வலையக் கட்டில் சட்டத்துல இழுத்துக் கட்டு. வில்ல பரப்ப எடம் பத்தல.”

கட்டினான். அவருடைய வலைதான், கிழிந்ததை அவர் தைத்த முடிச்சுகள் அதில் வரிசையாக இருக்கின்றன. சூசை ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே கட்டினான். கட்டி முடித்து மறுபடியும் “மயினி” என்றான். நான் டெல்சியைக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். தம்ளரைக் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

அவன் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. படகு கவிழ்ந்தது, இருட்டில் அண்ணனைத் தவறவிட்டான். அவ்வளவுதான். அதற்கு மேல் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது?

அன்றைக்கு நடந்ததில் எனக்கு நன்றாக நினைவிருப்பது கருவாடுதான். காலையில் இரண்டு கூடை சாளையைக் காயப் போட்டிருந்தேன். படகைக் காணோம் என்று ஆள் வந்து சொன்னதும் போட்டது போட்டபடி கரைக்கு ஓடினேன். பத்து மணிக்கு மழை கொட்டியது. மூன்று நாள் கழித்து வந்து பார்த்தபோது அத்தனையும் புழுத்திருந்தது. குழி தோண்டி நானே புதைத்தேன்.

நவம்பர் 19

வாடைக்காற்று தொடங்கிவிட்டது. நல்ல வெயில். வில்லைகள் ஓரம் சுருங்கி, நடுவில் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடுகின்றன. காக்காய் ஒன்று கொத்தி எடுத்துப்போய், உப்புக் கரித்ததோ என்னவோ, கூரையிலேயே துப்பிவிட்டது. டெல்சி பார்க்கும் முன் எடுத்து எறிந்தேன்.

நவம்பர் 30

இன்றோடு பெட்டியை எடுத்துவிடுவார்கள். சாமியாரே வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, உட்காரச் சொன்ன பிறகும் நின்றுகொண்டே பேசினார்.

“நான் கட்டாயப்படுத்த வரலம்மா. நீங்க நல்லா இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்.”

“சாமி, பெட்டியில போட்ட பேர பொறவு எடுக்க முடியுமா?”

“எதுக்கும்மா?”

“ஆளு வந்துட்டா?”

அவர் கொஞ்ச நேரம் வலை மேல் கிடந்த வில்லைகளையே பார்த்தார். “வந்துட்டா நானே எடுத்துக் கிழிச்சுப் போடுறேன்” என்றார். அப்படிச் சொன்னதற்காக அவரை எனக்குப் பிடித்துப்போனது. இருந்தாலும் எழுதவில்லை.

மாதம் முழுக்கத் தினப்பூசைக்குப் போனேன். ‘எங்கள் பங்கின் மரித்தோர் அனைவருக்காகவும்’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எல்லாரும் ‘மன்றாட்டைக் கேட்டருளும்’ என்பார்கள், நான் மட்டும் சொல்லமாட்டேன். ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்க வேண்டும். இல்லை.

டிசம்பர் 13

தோரணம் கட்டி முடித்தோம். தூண்டில் நரம்பில் ஒரு ஆரஞ்சு, ஒரு சாத்துக்குடி, இடையில் அன்னாசிப்பூ, லவங்கப்பட்டைத் துண்டு. பன்னிரண்டு சரம். குடிலுக்கு மேலே ஏணி வைத்துச் சூசைதான் கட்டினான். பின்னால் விளக்கைப் போட்டதும் கோயிலே மஞ்சளாகிவிட்டது. பக்கத்துத் தெரு ஓலை நட்சத்திரக்காரிகள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

ரெக்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, “தொம்மையண்ணன் பாத்திருந்தா...” என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தினாள். “வந்து பாப்பாரு” என்றேன். 

டிசம்பர் 16

மூன்று நாளாக மழை. கோயில் சுவரெல்லாம் ஈரம்.

காலைப் பூசைக்குப் போனபோது உபதேசியார் துணியும் கையுமாகக் குடில் முன்னால் குனிந்திருந்தார். தோரணம் சொட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வில்லையின் அடியிலும் ஒரு துளி தொங்கியது. வைக்கோல் நனைந்து, பாலனுக்கு வைத்திருந்த வெள்ளைத் துணியில் பழுப்பு நிறத்தில் வட்டம் வட்டமாகக் கறை. மாதா சுரூபத்தின் தோளிலும் ஒழுகியிருந்தது. உபதேசியார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பு கரிக்கே, செசிலி.”

கருவாடு மழைக்காலத்தில் கசியும் என்று தெரியாதவளா நான்? அதனால்தானே பெட்டியில் போட்டு மூடி, பரண் மேல் வைக்கிறோம். கருவாட்டை யாரும் தோரணம் கட்டித் தொங்கவிடுவதில்லை. எனக்கு அந்த யோசனையே வரவில்லை. அழுகிவிடக் கூடாது, அழுகிவிடக் கூடாது, அது ஒன்றுதான் மண்டையில் இருந்தது.

சூசை ஏணியில் ஏறிப் பன்னிரண்டு சரத்தையும் அவிழ்த்தான். நான் கீழே நின்று வாங்கினேன். கை, ரவிக்கை எல்லாம் உப்புத்தண்ணீர். பூசைக்கு வந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெட்கத்தில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் டெல்சி சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை.

“உப்பு போட்டத ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ விடமாட்ட.”

“நானும் ஒன்கிட்ட ஒண்ணு சொல்லல.” அவள் சுவரைப் பார்த்துப் பேசினாள். “அப்பா பேர நான் எழுதிப் போட்டுட்டேன். போன மாசம் மூணாந்தேதியே.”

நான் அவளை அடிக்கக் கையை ஓங்கினேன். அவள் நகரவில்லை. அவர் முகம் அப்படியே அவளுக்கு. கை தானாக இறங்கிவிட்டது.

“ஒனக்கு அப்பா வேண்டாமா ஏட்டி?”

“வேணும்மா. அதான் எழுதுனேன். எல்லாருக்கும் வேண்டுதாங்க, எங்க அப்பாக்கு மட்டும் யாரும் வேண்டல.”

மாதம் முழுக்க நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து வேண்டியிருக்கிறாள். அவள் உதடு அசைந்ததை நான் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் 17

எதுவும் எழுதத் தோன்றவில்லை. சாரத்தைத் துவைக்கவில்லை.

டிசம்பர் 18

காலையில் நானே சூசை வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் உட்கார்ந்து வலை பார்த்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அவன் பெண்சாதி நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

“சொல்லு சூசை. அன்னைக்கு என்ன சொல்ல வந்த?”

 இரண்டு மாதமாக ஒருவனை வாய் திறக்கவிடாமல் அடித்துவிட்டு, திடீரென்று சொல் என்றால் எங்கிருந்து தொடங்குவான்?

“இஞ்சின் நின்னுட்டு மயினி. அலை ஒரே அடியா பொரட்டிட்டு. அண்ணனுக்குத் தலையில அடி. ஐஸ் பெட்டி மெதந்து வந்துச்சு, அதப் புடிச்சுக்கிட்டோம். ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் ஒரே பெட்டிய புடிச்சிட்டுத்தான் கெடந்தோம். என்னைய ஒறங்கவிடாமப் பேசிட்டே வந்தாவ.”

“இருட்டுல தவறிப் போச்சுன்னு...”

“அது ஊருக்குச் சொன்னது மயினி. விடிஞ்சிட்டு. நல்லா வெளிச்சம் வந்துட்டு. வடக்க மழைக் கருக்கல் கட்டி நின்னுச்சு. அத பாத்துட்டே இருந்தாவ. பொறவு, ‘லேய் சூசை, மழை வருது. மயினிகிட்ட கருவாட்ட எடுக்கச் சொல்லு’ன்னாவ. சரிண்ணேன்னு சொன்னேன். ‘மறந்துராத’ன்னாவ. கைய விட்டுட்டாவ. நான் எட்டிப் புடிச்சேன் மயினி. சட்டதான் கையில வந்துச்சு. என் கண்ணு முன்னாலதான் போனாவ.”

அவன் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான்.

“வந்த அன்னைக்கே சொல்லணும்னு ஓடியாந்தேன். நீங்க கரையில நின்னீங்க. ‘அண்ணன் எப்ப வருவாரு’ன்னு கேட்டீங்க. என்னால முடியல.”

“அன்னைக்குக் கருவாட்ட நான் எடுக்கல, சூசை” என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல வந்தது. பிறகு அழுதேன். அந்த வாசலில், தெருவே பார்க்க, தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். சூசையும் அழுதான். அவன் பெண்சாதி ஓடிவந்து என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அவன் வந்து இறங்கிய அன்றே எனக்குத் தெரியும். கரையில் அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால்தான் அவனைப் பேசவிடவில்லை.

டிசம்பர் 19

உபதேசியாரிடம் போய், வருடக் கடைசி நாள் நன்றிப் பூசையில் அவர் பெயரைச் சொல்லி வேண்டச் சொன்னேன். சீட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டு, “நான் எழுதிக்கிடுதேன்” என்றார். வாங்கி நானே எழுதினேன். தொம்மை, வயது நாற்பத்தாறு. வெறும் பெயரும் வயதும்தான். எழுதி முடிக்க வெகுநேரம் ஆனது.

ரெக்சி ஒரு கூடை ஆரஞ்சு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள். டெல்சி நறுக்கினாள், நான் ஒற்றினேன். நகம் கனத்தைவிட மெலிதாக. பழைய துணி போதாமல் அவருடைய சாரம் ஒன்றைக் கிழித்தேன். டெல்சி என்னைப் பார்த்தாள், தடுக்கவில்லை. வலை மேல் பரப்பினோம். உப்பு ஜாடி பக்கத்திலேயே இருந்தது.

உப்பில்லாமல் ஒரு பொருளை வெயிலில் போடுவது எனக்கு இதுதான் முதல் தடவை. இரண்டு மூன்று தடவை எழுந்துபோய் மோந்து பார்த்தேன். பழ வாசம்தான் வந்தது.

டிசம்பர் 21

மூன்று நாளாக வெயில் அடிக்கிறது. வில்லைகள் காகிதம் போலச் சலசலக்கின்றன. சாத்துக்குடி மட்டும் நடுவில் இன்னும் கொஞ்சம் பிசுபிசுப்பு. நாளை ஒரு வெயில் பட்டால் போதும், மிச்ச ஈரத்தைத் தோசைக்கல்லில் சின்னத் தணலில் எடுத்துவிடலாம் என்றாள் டெல்சி. சரி என்றேன். அவள் சொல்வதை ஒரே தடவையில் ஒத்துக்கொண்டதில் அவளுக்கே கொஞ்சம் பயம் வந்துவிட்டது போலத் தெரிந்தது.

டிசம்பர் 22

வாடை. சாளை ஒரு கூடை.

சூசை இன்று முதல் தடவையாகக் கடலுக்குப் போனான், பக்கத்திலேயே வலை போட்டுவிட்டுக் காலையிலேயே திரும்பிவிட்டான். கூடையோடு நேரே இங்கே வந்தான். கேட்டுக்கு உள்ளே வந்து செருப்பைக் கழற்றினான். சாளையை உப்புப் போட்டு முற்றத்தில் ஒரு பக்கம் பரப்பினேன். மறுபக்கம் ஆரஞ்சு. மூன்று பேரும் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டோம்.

பதினோரு மணி இருக்கும். கை கழுவ வெளியே வந்தவள் வடக்கே பார்த்தேன். கருக்கல் கட்டி நின்றது. வெயில் அப்போதும் முற்றத்தில் பளீரென்றுதான் அடித்துக்கொண்டிருந்தது. டெல்சி, “இது இங்க வராதும்மா, காயட்டும்” என்றாள். சூசை என் முகத்தையே பார்த்தான்.

கூடையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முதலில் கருவாட்டை எடுத்தேன். பிறகு கட்டிலை அப்படியே ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி உள்ளே வைத்தோம். கடைசி வில்லை ஒன்று வலையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. திரும்பப் போய் அதையும் எடுத்து வந்தேன்.

மழை வந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஒன்றுகூட நனையவில்லை.